பின்னால் கட்டிய கைகள்

கம்ப்யூட்டரில் ஒரு கோளாறு என்றால் எல்லோருக்கும் கை முன்னால் நீளும். ஒருவர் எண்டரைத் தட்டுவார், ஒருவர் சுவிட்சை அணைத்துப் போடுவார், இன்னொருவர் மானிட்டரின் மண்டையில் ஒரு போடு போடுவார். அவருக்கு மட்டும் கை பின்னால் போகும். இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டு, பந்தியை மேற்பார்வை பார்க்கும் பெரிய மனிதர் மாதிரி நின்றுவிடுவார். பிறகு ஒன்றே ஒன்று சொல்வார்.

"கடைசியா என்ன செஞ்சீகளோ அதையே திரும்பச் செய்ங்க. நான் பாக்குறேன்."

அருப்புக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டுக்கு அருகே, ஓர் உரக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. முதலாளியையும் சேர்த்து நான்கு பேர். மில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று யார் கேட்டாலும் பாக்ஸ்புரோ என்ற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதிக் கொடுப்போம். யூரியா வாடை மாடிப்படி ஏறி வந்து எங்கள் ஃப்ளாப்பிகளில்கூட அடிக்கும். நான் பாளையம்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவேன். மதுரையில் எம்.சி.ஏ. முடித்தவள். அந்த மாடியில் பட்டம் பெற்ற ஒரே ஆள் நான்தான் என்பதை ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது யாருக்காவது தெரியப்படுத்திவிடுவேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. வாயும் அதிகம், தலைக்கனம் அதைவிட அதிகம்.

அவர் வீரசோழன் ஊர்க்காரர். குவைத்துச் சண்டையில் ஒரே ஒரு பையோடு ஊர் திரும்பியவர்களில் ஒருவர். அங்கே ஏதோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்திருக்கிறார். படித்தது பத்தாவது. எங்களிடம் அவருக்குப் பதவி என்று ஒன்றும் கிடையாது. கேபிள் இழுப்பார், யூ.பி.எஸ். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவார், எங்கள் கரிசல் புழுதி போய் அடைந்த கீபோர்டுகளைக் கவிழ்த்து வைத்துத் தட்டுவார். காலை பஸ்ஸில் டிபன் கேரியரோடு வருவார், சாயங்காலம் "வாரேன்" என்று எல்லோரிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் போவார். என் மனசுக்குள் அவர் ஸ்குரூடிரைவர் ஆள், அவ்வளவுதான்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. தப்புச் செய்தவர் பெயரையே கடைசிவரை வெளியே சொல்லாத மனிதர் அவர். நல்லது செய்தவன் பெயர் மட்டும் எதற்கு என்று கேட்பார்.

ஒரு ஃபைல் திறக்கவில்லை என்றால் நம் ஊரில் எல்லோரும் சொல்லும் வார்த்தை ஒன்றே ஒன்று. "வரல." போன் செய்து "வரலைங்க" என்பார்கள். என்ன வரவில்லை, எப்படி வரவில்லை, ஒன்றும் கிடையாது. அவர் போனிலேயே திரையில் இருப்பதைப் படிக்கச் சொல்வார். இங்கிலீஷ் தெரியாது என்றால் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்லி, தன் கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொள்வார். முதலாளி பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பார்.

"ஏம்ப்பா, அங்க மில்லுல ஆளுக நிக்கிறாக. நீ என்ன எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கிட்டு இருக்க?"

"அது முழுசாச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கு மொதலாளி. நாமதான் பாதியில எந்திரிச்சுப் போயிர்றோம்."

அவருக்கு ஒரு பேச்சு உண்டு. "இல்லைங்கிறது வேற, தரமாட்டேங்கிறது வேற." ஃபைல் இல்லவே இல்லையா, இருந்தும் நமக்குத் தர மறுக்கிறதா? இல்லையென்றால் தேட வேண்டும். மறுக்கிறதென்றால் ஏன் மறுக்கிறது, யாரிடம் கொடுத்துவிட்டு நமக்கு மறுக்கிறது என்று கேட்க வேண்டும். இரண்டுக்கும் திரையில் வெவ்வேறு வாசகம் வரும். நாங்கள் இரண்டையும் ஒன்றாக்கி "வரல" என்று சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருப்போம்.

விருதுநகர் ரோட்டில் ஒரு நூற்பாலை. அங்கே நான்கு பெண்கள் ஆளுக்கொரு பெரிய ஃப்ளாப்பியில் பொதிகளின் பேல் நம்பர்களைப் பதிவு செய்வார்கள். அதில் ஒருத்தியின் ஃப்ளாப்பியில் மட்டும் எழுத முடியவில்லை. படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை. நான் இரண்டு முறை போனேன். வைரஸ் என்றேன். பிறகு டிரைவ் கெட்டுவிட்டது என்று சொல்லி அதையே மாற்றவைத்தேன். புது டிரைவிலும் அதே கதை. மூன்றாம் முறை அவர் வந்தார். கை பின்னால் போயிற்று.

"உறையிலருந்து எடுக்குறதுலருந்து செய்ம்மா."

அந்தப் பெண் எடுத்தாள், சொருகினாள். அவர் மறுபடி எடுக்கச் சொன்னார். எந்த ஃப்ளாப்பி யாருடையது என்று தெரிவதற்காக அந்தப் பெண்கள் ஆளுக்கொரு நிறத்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைத்திருந்தார்கள். மற்ற மூவரும் லேபிளின் மேல் ஒட்டியிருந்தார்கள். இவள் மட்டும் ஓரத்தில்.

"ஏம்மா, பொட்ட ஏன் ஓரத்துல ஒட்டிருக்க?"

"லேபிள்ல ஒட்டுனா எழுத்து மறைஞ்சிருதுண்ணே."

அந்தக் காலத்துப் பெரிய ஃப்ளாப்பியின் பக்கவாட்டில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். அதை அடைத்துவிட்டால் எழுதக் கூடாது என்று மெஷின் எடுத்துக்கொள்ளும். பெரிய மெரூன் பொட்டு ஒன்று அந்த வெட்டின் மேல் பொருத்தமாக உட்கார்ந்திருந்தது. எம்.சி.ஏ.வில் எனக்கு அது முதல் பாடத்திலேயே வந்தது. இரண்டு முறை அந்த ஃப்ளாப்பியை என் கையில் பிடித்திருக்கிறேன்.

"இது நெத்தியில இருந்தா ஒனக்கு அழகு. இங்க இருந்தா மில்லுக்கு நட்டம்" என்றார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பொட்டைப் பிய்த்தாள். சூப்பர்வைசர் வந்து யார் செய்த வேலை இது என்று அதட்டியபோது, "ஒரு பக்கம் அடைச்சிருந்துச்சு சார், எடுத்தாச்சு" என்றதோடு சரி. டிரைவ் மாற்றவைத்த என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். "ஏண்ணே, நீங்களே தொட்டுப் பாத்தா சீக்கிரம் முடியுமுல்ல? எதுக்கு இப்படிக் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறீக?"

வெளியே சீமைக்கருவேலங்காட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"குவைத்துல இருக்கையில, லீவுல ஊருக்குப் போறவுக லிஸ்டு ஒண்ணு தொறக்காமப் போச்சு தங்கச்சி. கொஞ்சந்தான் கெட்டுருந்துச்சு. நான் சரி பண்றேன்னு அவசரமா ஒரு கீயத் தட்டுனேன். மொத்தமும் போச்சு. நாப்பது பேரு ஊருக்குப் போறது தள்ளிப் போச்சு. அதுல ஒருத்தருக்குத் தாயாரு மொகத்தப் பாக்கக் கெடைக்கல. எங்க தெருக்காரருதான். இன்னைக்கும் எங்கிட்ட நல்லாத்தான் பேசுறாரு."



இப்போது ஆஸ்பத்திரிக் கதைக்கு வருகிறேன். என்னைப் பற்றிச் சொல்ல எனக்குப் பிடிக்காத கதை அது. ஆனால் அதைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

ஊரில் ஒரு டாக்டரின் சின்ன ஆஸ்பத்திரிக்கு நான்தான் புரோகிராம் எழுதினேன். நோயாளியின் பெயர், ஊர், பழைய வியாதி, எந்த மருந்து ஒத்துக்காது என்பதெல்லாம் ஒரே ஃபைலில் இருக்கும். கேபிளால் இணைத்த இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்றில் ஜெயராணி உட்கார்ந்து சீட்டுப் பதிவாள். திருச்சுழிப் பக்கத்து வேதக்காரப் பிள்ளை, அதாவது கிறிஸ்தவப் பெண். அப்பா இல்லை. அவள் சம்பளத்தில்தான் அம்மாவும் இரண்டு தங்கைகளும் சாப்பிட்டார்கள்.

இன்னொரு கம்ப்யூட்டர், எல்லோரும் பெரியம்மா என்று கூப்பிடும் டாக்டரின் தாயாருக்கு முன்னால் இருந்தது. அந்த அம்மாவுக்கும் திருச்சுழிதான் பிறந்த ஊர். "எங்க ஊரு ஆளுக யாரு யாரு வந்துருக்காகன்னு நான் பாக்கணும்த்தா. பாத்துக் கஞ்சியாவது குடுத்துவிடலாம்ல" என்று என்னிடம் ஆசையாகக் கேட்டார்கள். அவர்கள் மகிழ வேண்டும் என்று ஒரே மத்தியானத்தில் ஊர்வாரிப் பட்டியல் காட்டும் திரை ஒன்றை எழுதிப் போட்டுக் கொடுத்தேன். சந்தோஷத்தில் எனக்கு முறுக்குத் தந்தார்கள்.

சில வாரங்களில் தொந்தரவு ஆரம்பித்தது. சாயங்காலக் கூட்டத்தில் திடீரென்று ஜெயராணியின் திரையில் 'ஃபைல் ஆக்சஸ் டினைட்' என்று, அதாவது ஃபைலைத் தர மறுப்பதாக, வரும். பிறகு அன்றைக்கு முழுக்கத் திறக்காது. மறுநாள் காலை நான் போய்ப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக ஓடும். மூன்று முறை இப்படி. மூன்றாம் முறை, பென்சிலின் ஒத்துக்காத ஒரு கர்ப்பிணிக்கு அந்த ஊசியே போடப்போய்விட்டார்கள். ஃபைல் திறக்காததால் டாக்டருக்குத் தெரியவில்லை. புருஷன்காரன் சத்தம் போட்டுத் தடுத்தான். டாக்டர் ஆடிப்போய்விட்டார். காரணம் எழுத்தில் வேண்டும் என்று எங்கள் முதலாளிக்குப் போன் செய்தார்.

நான் எழுதினேன். "புரோகிராமில் பிழை ஏதும் இல்லை. இயக்குபவரின் கவனக்குறைவே காரணம்." கீழே என் பெயர், பெயருக்குப் பக்கத்தில் எம்.சி.ஏ.

இன்னும் ஒரு தடவை நடந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று டாக்டர் ஜெயராணியிடம் சொல்லிவிட்டார். அவள் எங்கள் மாடி ஏறி வந்தாள்.

"அக்கா, நான் ஒண்ணுமே செய்யலக்கா. நீங்க சொல்லிக்குடுத்த மாதிரி, எந்திரிச்சுப் போகையில எல்லாத்தையும் மூடிட்டுத்தான்க்கா போறேன்."

"ஒண்ணும் செய்யாம எப்படி வரும்?" என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மூலையில் கீபோர்டு தட்டிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். கை பின்னால்.

"எந்தெந்த நாளும்மா இப்படி ஆச்சு?"

"தேதி நெனவில்லைண்ணே."

"அன்னைக்கு வேற என்ன நடந்துச்சு? சும்மா, எதுனாலும் சொல்லு."

யோசித்தாள். "மூணு நாளும் பெரியம்மா சுண்டல் குடுத்தாக. அத வாங்கித் தின்னுட்டு வந்து பாத்தா தொறக்கல."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. நோட்டில் 'சுண்டல்' என்று எழுதிக்கொண்டார். "வெள்ளிக்கிழம சாயங்காலம் ஒரு எட்டுப் போயிட்டு வருவோம் தங்கச்சி" என்றார்.

போனோம். விளக்கு வைக்கும் நேரம். பெரியம்மா சாமி படத்துக்கு முன்னால் குத்துவிளக்கை ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, "வேதக்காரப் புள்ளையையும் கூப்புடுங்கடி" என்று சுண்டல் கொடுத்தார்கள். ஜெயராணி தன் திரையை ஒழுங்காக மூடிவிட்டு எழுந்து போனாள். மற்ற நாட்களில் நோயாளிகள் இல்லாத மத்தியானத்தில் பட்டியல் பார்த்து மூடிவிடும் பெரியம்மா, வெள்ளிக்கிழமை மட்டும் விளக்கு வைத்த கையோடு பார்ப்பார்களாம். திருச்சுழிப் பட்டியலைத் திறந்தார்கள். ஒவ்வொரு பெயராகப் படித்தார்கள். அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனார்கள். ஜெயராணி திரும்பி வந்து தன் கம்ப்யூட்டரில் தட்டினாள். ஃபைல் ஆக்சஸ் டினைட்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. வரிசையில் பத்துப் பேர் நின்றார்கள். உள்ளேயிருந்து டாக்டர் வந்து திரையைப் பார்த்தார். எங்களையும் பார்த்தார். கத்தவில்லை. "திங்கக்கெழம காலையில வேற பொண்ணு வருது. நீ வந்து சம்பளத்த வாங்கிட்டுப் போயிரும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கைகளைப் பின்னால் கட்டியபடியே அவர் பெரியம்மாவிடம் போனார். "அம்மா, அந்தப் பட்டியல மூடலையா?"

"வெள்ளிக்கெழம வெளக்கு வச்ச பெறகு எதையும் மூடப்படாதுப்பா. வீட்டுல பொட்டி, பீரோகூடப் பூட்டமாட்டோம். மகாலெச்சுமி வார நேரம். காலையில வந்து மூடிருவேன்."

"நல்ல வழக்கம்மா. தொறந்தே இருக்கட்டும்" என்றார் அவர்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அவரை ஓரமாக இழுத்தேன். "பாத்தீகளா, எல்லாத்துக்கும் இந்த அம்மாதாண்ணே காரணம்."

"அவுக ஒரு ஃபைலத் தொறந்து வச்சுருக்காக, அவ்வளவுதான். ஒருத்தரு தொறந்து பாத்துக்கிட்டு இருந்தா அடுத்தவுகளுக்குத் தரமாட்டேன்னு சொல்லச் சொன்னது யாரு தங்கச்சி?"

 "வாரேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

மறுநாள் சனிக்கிழமை, அலுவலகத்தில் என் புரோகிராமைத் திறந்து பார்த்தேன். தேடக்கூட வேண்டியிருக்கவில்லை. மற்ற எல்லாத் திரைகளிலும், ஃபைலைத் திறக்கும் வரியில் பலரும் சேர்ந்து பார்க்கலாம் என்பதற்கான ஒரு சொல்லைப் போட்டிருந்தேன். அந்தச் சொல் இல்லாவிட்டால், திறந்தவருக்கு மட்டுமே ஃபைல் சொந்தம். மற்றவர்களுக்குக் கதவு அடைத்துவிடும். முறுக்குச் சாப்பிட்ட அந்த மத்தியானம் எழுதிய வரியில் அந்தச் சொல் இல்லை. ஊசி போட்டிருந்தால் அந்தக் கர்ப்பிணி என்ன ஆகியிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன்.

ஒரு சொல்லைச் சேர்த்துத் திருத்திவிட்டேன். ஒரு நிமிஷ வேலை. திருத்திய பிறகுதான் இன்னொன்று தோன்றியது. இதைச் சத்தமில்லாமல் ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டால் இனிமேல் கோளாறு வராது. ஜெயராணி போனாள், கோளாறும் போயிற்று என்று டாக்டர் நினைத்துக்கொள்வார். என் கடிதம் உண்மையாகவே ஆகிவிடும். முதலாளி என்னை மெச்சுவார். இதை நான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தது நினைத்ததுதான்.

அவர் சனிக்கிழமை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் மேஜைப் பக்கம்கூட வரவில்லை. சாயங்காலம் வழக்கம்போல "வாரேன் தங்கச்சி" என்றார். அந்த 'வாரேன்' என் காதிலேயே நின்றது.

திங்கட்கிழமை காலை பாளையம்பட்டி நிறுத்தத்தில் நின்றேன். ஒரு பஸ் வந்தது, ஏறவில்லை. இன்னொன்று வந்தது, அதிலும் ஏறவில்லை. மூன்றாவது பஸ்ஸில் ஏறினேன். எந்தத் தைரியத்தில் ஏறினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தவள் யாரையும் பார்க்காமல் நேரே டாக்டர் அறைக்குப் போனேன்.

"சார், தப்பு எங்க புரோகிராம்ல. நான் எழுதுன ஒரு வரியில. ஜெயராணி மேலயும் இல்ல, அம்மா மேலயும் இல்ல."

டாக்டர் மேஜை இழுப்பறையிலிருந்து என் கடிதத்தை எடுத்தார். "அப்ப இது?"

"அத நான் பாக்காம எழுதுனேன் சார்."

 கடிதத்தை என் பக்கம் தள்ளினார். "இத நீங்களே வச்சுக்கங்க. அந்தப் புள்ளைய ஒக்காந்து வேலையப் பாக்கச் சொல்லுங்க."

வெளியே ஜெயராணி தன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கையில் சாப்பாட்டுத் தூக்கு. சம்பளம் வாங்கிக்கொண்டு போக வந்தவள் எதற்குச் சாப்பாடு கொண்டுவந்தாள் என்று எனக்குப் புரியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.

"அழுகாதீகக்கா. நீங்க வருவீகன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "வெள்ளிக்கெழமயே அண்ணன் பஸ் ஸ்டாண்டுல எங்கிட்டச் சொல்லிட்டாரு. 'ஒன் வேல எங்கயும் போகாதும்மா. திங்கக்கெழம சாப்பாடு கட்டிக்கிட்டே வா. அந்தத் தங்கச்சி தானா வந்து சொல்லும். ஒம்பதரை வரைக்கும் பாப்போம். வரலைன்னா நான் உள்ள போயி டாக்டர்ட்டச் சொல்லிருவேன். ஆனா அது வரும். அதுவரைக்கும் யாருட்டயும் வாயத் தொறக்காத'ன்னாரு."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது இருபத்தைந்து.

வாசலுக்கு ஓடினேன். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில், வீரசோழன் பஸ்ஸின் புழுதி சட்டையில் அப்படியே இருக்க, ஆஸ்பத்திரிக் கதவைப் பார்த்தபடி அவர் நின்றுகொண்டிருந்தார். கைகள் பின்னால்.

"பஸ்ஸு லேட்டா தங்கச்சி?" என்றார்.

"இல்லண்ணே. நான்தான் லேட்டு."

கட்டியிருந்த கைகளை அவர் அப்போதுதான் பிரித்தார்.